தரிசு என்றொரு சொல்: பூனைப்பருந்துகளும் பார்வையின் அரசியலும்

1

கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் நடுவில் ஒரு கரிசல் காடு. இந்தப் பக்கத்தில் காடு என்றால் மரமடர்ந்த வனம் அல்ல. மானாவாரிப் புஞ்சையைத்தான் காடு என்பார்கள். தை மாதக் கடைசி. உளுந்தும் பாசியும் எடுத்தாயிற்று. ஒரு பக்கம் அறுக்காமல் நிற்கிற சோளம், இன்னொரு பக்கம் முழங்கால் உயரத்துக்குப் புல் ஏறிக் கிடக்கிற தரிசு. பொழுது சாய்கிற நேரத்தில் நானும் இரண்டு நண்பர்களும் பைனாகுலரோடு நின்றுகொண்டிருந்தோம்.

முதலில் ஒன்று வந்தது. தரையிலிருந்து இரண்டு ஆள் உயரம்கூட இருக்காது. இறக்கைகளை மேல்நோக்கி லேசாகத் தூக்கிப் பிடித்தபடி, அதிகம் சிறகடிக்காமல், சால் பார்த்து உழுகிறவனைப் போல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மிதந்தது. சாம்பல் நிறம், இறக்கை நுனி கறுப்பு. அது ஆண். பின்னாலேயே பழுப்பு நிறத்தில், வால் தொடங்குகிற இடத்தில் வெள்ளைப் பட்டையோடு ஒரு பெண். பத்து நிமிஷத்தில் நாலா திக்கிலிருந்தும் வர ஆரம்பித்துவிட்டன. எதுவும் மரத்தைத் தேடவில்லை. புல்லுக்குள் இறங்கின, எழும்பின, மறுபடியும் இறங்கின. நன்றாக இருட்டிய பிறகு அந்த வழியாக வந்த யாரும் அந்தக் காடு காலியாகக் கிடக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பக்கத்துப் புஞ்சையில் கிடை போட்டிருந்த ஆட்டுக்காரர் ஒருவர் வந்தார். "என்ன அண்ணாச்சி, இருட்டுக்குள்ள எதைத் தேடுதிய?" சொன்னோம். சிரித்தார். "அதுகளா? ஐப்பசி மழைக்கு வரும், பங்குனி வெயிலுக்குப் போயிரும். மரத்துல அடையாது. தரையிலதான் படுக்கும், நம்ம கிடை மாதிரி. ஒண்ணு மிரண்டா எல்லாம் மிரளும்."

பருவம், இடம், பழக்கம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நாங்கள் அதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள். இந்த வித்தியாசத்திலிருந்துதான் இக்கட்டுரை தொடங்குகிறது. வயலுக்கு மேலே பறக்கிற பறவையைப் பார்ப்பது ஒரு அப்பாவித்தனமான காரியம் அல்ல. யார் பார்க்கிறார், எங்கே நின்று பார்க்கிறார், யாருடைய கணக்கில் அது எழுதப்படுகிறது என்பதற்கெல்லாம் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு, பறவை இறங்குகிற நிலத்துக்கு அரசுகள் வைத்த பெயரோடு பின்னிக் கிடக்கிறது.

2

பூனைப்பருந்துகளில் இங்கே குளிர்காலத்தில் அதிகம் தென்படுகிற ஒன்றுக்கு மாண்டேகு என்று பெயர். அது ஒரு ஆங்கில ராணுவ அதிகாரியின் பெயர். 1802இல் ஆங்கிலப் பறவைகளுக்கு அகராதி போட்டவர் அவர். ராணுவம், வருவாய்த்துறை, பறவையியல் மூன்றும் ஒன்றாகவே வளர்ந்தன என்பது இந்தியாவுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும்.

சென்னை ராஜதானியில் ராணுவ மருத்துவராக இருந்த ஜெர்டன் 1839இல் தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலை வெளியிடத் தொடங்கினார். 1862க்கும் 1864க்கும் இடையில் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல்கள் வந்தன. தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானிப் பெயர்களை அவர் அக்கறையோடு குறித்துவைத்தார். பறவையின் ஊர்ப் பெயர் ஏட்டில் ஏறியது. அதைச் சொல்லிக்கொடுத்த வேட்டைக்காரர், குருவிக்காரர் பெயர்கள் பெரும்பாலும் ஏறவில்லை.

அடுத்து ஹியூம். காங்கிரஸைத் தோற்றுவித்தவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே ஹியூம்தான். 1869இல் இந்தியாவின் இரைகொல்லிப் பறவைகள் குறித்து ஒரு புத்தகம் போட்டார். 1870களில் வருவாய், விவசாயம், வணிகம் ஆகியவற்றுக்கான அரசுத் துறையின் செயலாளராக இருந்தார். 1879இல் இந்திய விவசாயச் சீர்திருத்தம் பற்றியும் எழுதினார். நிலவரியைக் கணக்குப் பார்த்த மேசையும் பருந்துத் தோல்களை அடுக்கிய மேசையும் ஒரே ஆளுடையவை. சிம்லா வீட்டிலிருந்த அவருடைய கையெழுத்துப் பிரதிகளை வேலைக்காரர் ஒருவர் எடைக்குப் போட்டுவிட்டார் என்பதும், மனசு வெறுத்துப்போய் 1885இல் சுமார் 80,000 தோல்களையும் முட்டைகளையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார் என்பதும் தெரிந்த கதை. எது பொக்கிஷம், எது குப்பை என்பது பார்க்கிறவர் நிற்கிற இடத்தைப் பொறுத்தது போலும்!

1912இல் பூசா விவசாய ஆய்வு நிலையத்திலிருந்து மேசனும் மேக்ஸ்வெல் லெஃப்ராயும் இந்தியப் பறவைகளின் உணவு பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார்கள். பறவைகளைச் சுட்டு, இரைப்பையைக் கிழித்து, உள்ளே தானியமா பூச்சியா என்று எண்ணினார்கள். உழவனுக்கு நண்பனா, பகைவனா என்று ஒவ்வொரு பறவையும் விசாரணைக்கு உள்ளாயிற்று. அதில் பயனுள்ள செய்திகள் நிறைய இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பறவை எதைத் தின்னும் என்று வயலில் நிற்கிறவரிடம் கேட்பதைவிட, வயிற்றைக் கிழித்துப் பார்ப்பதே அறிவு எனக் கருதப்பட்டது. இதை நாம் கவனிக்க வேண்டும்.

விடுதலைக்குப் பிறகு இது மாறியதா? 1957இல் அன்றைய மைசூர் மாநிலத்துக் கியாசனூர் காட்டில் குரங்குக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. வடக்கிலிருந்து வருகிற பறவைகளின் உண்ணிகள் அந்த வைரஸைக் கொண்டுவந்திருக்குமோ என்றொரு சந்தேகம் எழுந்தது. சாலிம் அலி தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் போட ஆரம்பித்தது. முதலில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவி. 1960களில், ஆசியா முழுக்க வலசைப் பறவைகளின் நோய்களை ஆராய்ந்த ஒரு திட்டத்தின் வழியாக அமெரிக்க ராணுவப் பணம். வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. 1975இல் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு இதையும் இது போன்ற வெளிநாட்டு ஆய்வுத் திட்டங்களையும் கேள்விக்குட்படுத்தியது. பறவைகளை உயிரோடு, காயமில்லாமல் பிடித்துக்கொடுத்தவர்கள் பீகாரின் மீர்ஷிகார்கள், அதாவது பரம்பரையாகப் பறவை பிடிக்கிறவர்கள். அவர்கள் கை இல்லாமல் ஒரு வளையம்கூட ஏறியிருக்காது. ஆய்வின் வரலாற்றில் அவர்களுக்குக் கிடைத்ததோ ஓரிரு வரிதான்.

சாலிம் அலியைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமல்ல. ஒரு தொடர்ச்சியைத்தான் காட்ட விரும்புகிறேன். தோல், இரைப்பை, வைரஸ் என்று பறவைக்குள் தேடப்பட்ட பொருள் காலத்துக்குக் காலம் மாறியது. வயலில் நிற்கிற ஆள் மட்டும் எப்போதும் சட்டகத்துக்கு வெளியிலேயே நின்றார்.

3

இப்போது நிலத்துக்கு வருவோம்.

பூனைப்பருந்து இறங்கிய அந்தப் புல்வெளிக்குக் கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் என்ன பெயர் இருக்கும்? தரிசு. அதிலும் இரண்டு வகை உண்டு. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு. வரி நிர்ணயித்தும் சாகுபடி ஆகாதது ஒன்று, வரியே நிர்ணயிக்காதது மற்றொன்று. மண்ணின் நிறமோ, புல்லின் வகையோ, யார் யாருடைய ஆடு அங்கே மேய்கிறது என்பதோ இந்தப் பெயரில் கிடையாது. தரிசு என்பது நிலத்தின் குணமே அல்ல. வரி வராததன் பெயர் அது.

இதற்கு ஒரு தத்துவப் பின்புலமும் இருக்கிறது. 1689இல் ஜான் லாக், உழைப்பைச் செலுத்திப் பண்படுத்தாமல் இயற்கையின் போக்கில் விடப்பட்ட நிலத்தை வீண்நிலம் என்று வகைப்படுத்தினார். அந்த வாதம் அமெரிக்கப் பூர்வகுடிகளின் நிலத்தைப் பறிக்கக் கை கொடுத்தது. இங்கே ரயத்துவாரி செட்டில்மெண்டுகளில் அதே மனோபாவம் சர்வே எண்களாக இறங்கியது.

ஆனால் தரிசு என்றதும் பறவையை மட்டும் நினைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இது கேட்கப்பட்ட நிலம். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராகப் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். தரிசு சும்மா கிடந்தும், உழுகிறவனுக்குக் கிடைக்கவிடாமல் மிராசுதாரர்கள் மறிப்பதை அது வெளிப்படுத்தியது. 1892இல் தாழ்த்தப்பட்டோருக்கு அத்தகைய நிலங்களை ஒதுக்கும் ஆணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதைத்தான். நூறு வருஷம் கழித்து, 1994 அக்டோபரில், காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். 2006இல் நிலமற்றவர்களுக்கு இரண்டு ஏக்கர் என்று அரசு அறிவித்தபோதும் எண்ணப்பட்டது இதே தரிசுதான்.

எனவே "பறவைக்கு நிலமா, மனுசனுக்கு நிலமா?" என்று ஒரு தோழர் கேட்டால் கோபப்பட்டுப் பயனில்லை. நியாயமான கேள்விதான். ஆனால் இதுவரை அந்த நிலம் யாருக்குப் போயிருக்கிறது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். 1870களில் வன அதிகாரி பெடோம் வறண்ட நிலங்களில் வளர்க்கச் சீமைக் கருவேல விதை கேட்டு எழுதினார். அது வந்தது. இன்றைக்கு ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடிச் சீமைகளில் அதன் கதை எல்லோருக்கும் தெரியும். 1985இல் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் அமைந்தது. புல் இருந்தால் காடு அழிந்திருக்கிறது, மரம் நட்டால் சரியாகிவிடும் என்ற பொதுப்புத்தி அரசுத் திட்டமாயிற்று. 2000இல் இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுதி வந்தது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துப் போட்ட அந்த வகைப்பாட்டில் முட்புதர் வெளியும் மேய்ச்சல் வெளியும் தரிசாகவே நிறம் தீட்டப்பட்டன. 2016இல் கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. ஒரே மானாவாரிச் சீமையில் வரி, விறகு, மரம், மின்சாரம் என்று அதிகாரம் கேட்டதெல்லாம் மாறிக்கொண்டே வந்தது. "இங்கே ஒன்றுமில்லை" என்கிற முதல் வாக்கியம் மட்டும் மாறவில்லை.

4

இதைக் காலனியத்தின் தலையில் மட்டும் போட்டுவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. இதே பறவைக்கு இன்னொரு வீடு இருக்கிறது. கஜகஸ்தானிலும் தென் ரஷ்யாவிலும் பரந்து கிடக்கிற ஸ்டெப்பி என்னும் புல்வெளி. மாண்டேகு பூனைப்பருந்தும், அதனினும் வெளிறிய இன்னொரு இனமும் அங்கே புல்லுக்குள்ளும் தானிய வயலுக்குள்ளும் தரையில் கூடு வைக்கின்றன. படுப்பதும் தரையில், குஞ்சு பொரிப்பதும் தரையில்.

1954இல் குருஷ்சேவ் அந்தப் புல்வெளியைக் கோதுமை வயலாக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். கன்னி நிலங்கள், தரிசு நிலங்கள் என்றுதான் அதற்கும் பெயர். லட்சக்கணக்கான இளைஞர்கள் டிராக்டரோடு போனார்கள். 1960க்குள் 4 கோடி ஹெக்டேருக்கு மேல் உழப்பட்டது. அப்போது கஜகஸ்தான் கட்சிப் பொறுப்பில் இருந்த பிரஷ்னேவ் 1978இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். சோவியத் புத்தகங்களை வாங்கி அடுக்கி வளர்ந்த தலைமுறை நாம். டிராக்டரின் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிற பெண்ணின் படம் நமக்கெல்லாம் உவப்பாகத்தான் இருந்தது. அந்த நிலம் கன்னி நிலம் அல்ல, அது கஜக் மேய்ச்சல்காரர்களின் நிலம் என்று நாம் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த மேய்ச்சல்காரர்களோ ஏற்கனவே 1930களின் கட்டாயக் கூட்டுப்பண்ணையிலும் பஞ்சத்திலும் லட்சக்கணக்கில் மடிந்திருந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் உழுத மண் காற்றில் எழும்பி புழுதிப்புயலாக அடித்தது.

ஆக, லண்டனிலிருந்து வந்த செட்டில்மெண்டும் மாஸ்கோவிலிருந்து வந்த ஐந்தாண்டுத் திட்டமும், ஒரே பறவையின் இரண்டு வீடுகளுக்கும் ஒரே பெயரை வைத்தன. 1991க்குப் பிறகு சோவியத் ஒன்றியம் உடைந்து, அரசுப் பண்ணைகள் சரிந்து, கோடிக்கணக்கான ஹெக்டேர் உழவு நின்றது. புல் திரும்பியது. இதைக் கொண்டாடலாமா? வேலை போய், ஓய்வூதியம் வராமல், ஊரைக் காலிசெய்துகொண்டு போனவர்களும் அதே பண்ணைகளில்தான் இருந்தார்கள். பறவைக்கு வந்த நல்ல காலத்தை மனித வீழ்ச்சியின் மேல் மட்டுமே கட்ட முடியும் என்றால் அந்த அரசியல் நமக்கு வேண்டாம்.

5

"அப்படியானால் வேலி போட்டுக் காப்பாற்றுங்கள்" என்பார்கள். குஜராத்தில் பாவ்நகருக்குப் பக்கத்தில் வேலாவதர் இருக்கிறது. ஒரு காலத்தில் பாவ்நகர் மன்னரின் புல்வெளி. 1976இல் வெளிமானுக்காகத் தேசியப் பூங்காவானது. பரப்பு சுமார் 34 சதுர கிலோமீட்டர். 1990களில் அங்கே அந்தியில் நின்று எண்ணியவர்கள், உலகத்திலேயே மிகப் பெரிய பூனைப்பருந்து அடைவிடம் அதுதான் என்று 1998இல் எழுதினார்கள். பறவை கக்கிப்போடும் உருண்டைகளைப் பிரித்துப் பார்த்தால் வெட்டுக்கிளிச் சிறகும் கால்களும்.

இங்கே ஒரு விஷயம். பறவை பூங்காவுக்குள் தூங்குகிறது. விடிந்ததும் வேலியைத் தாண்டிப் பருத்திக் காட்டுக்கும் சோளக் காட்டுக்கும் போய்ச் சாப்பிடுகிறது. அரசு காப்பாற்றுவது படுக்கையை. சோறு வெளியே இருக்கிறது. அந்தச் சோற்றில்தான் மருந்து அடிக்கிறோம்.

பூச்சி மருந்து பருந்தை என்ன செய்யும் என்பதற்கு உலகறிந்த ஒரு உதாரணம் உண்டு. 1995-96 பருவத்தில் அர்ஜென்டினாவின் வயல்களில் வட அமெரிக்காவிலிருந்து வலசை வந்த ஸ்வைன்சன் பருந்துகள் ஆயிரக்கணக்கில் செத்துக் கிடந்தன. வெட்டுக்கிளிக்கு அடித்த மோனோகுரோட்டோபாஸ்தான் காரணம். செயற்கைக்கோள் கருவி கட்டிய பருந்தைத் தேடிப் போனவர்கள் கண்டுபிடித்தார்கள். வட அமெரிக்காவில் பறவை பார்ப்பவர்கள் பலமானவர்கள். கூச்சல் எழுந்தது, சில ஆண்டுகளில் அந்த மருந்து அங்கே விற்பனையிலிருந்து போயிற்று.

அதே மோனோகுரோட்டோபாஸ் இங்கே பருத்திக்கு அடிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. 2005இல் காய்கறிகளுக்கு மட்டும் தடை வந்தது. 2013இல் பீகாரில் சத்துணவு எண்ணெயில் அது கலந்து 23 குழந்தைகள் செத்துப்போனார்கள். 2017இல் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலியாட்களும் இருபது பேருக்கு மேல் செத்தார்கள். அங்கே புழங்கிய மருந்துகளில் இதுவும் ஒன்று. 2023இல்தான், 36 சதவீதக் கரைசலாக விற்பதைத் தடுக்கும் ஆணை வந்தது. கையிருப்பை விற்றுத் தீர்க்க அவகாசமும் கொடுத்தார்கள்.

பருந்து செத்ததால் ஒரு நாட்டில் நின்றுபோன விஷம், மனிதர் செத்தும் இன்னொரு நாட்டில் இருபது வருஷத்துக்கு மேல் நிற்கவில்லை. அமெரிக்கப் பருந்துக்குப் பின்னால் ஒரு கண் இருந்தது. அதை எண்ண ஆள் இருந்தது. டேங்கைத் தோளில் போட்டுக்கொண்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு காற்றுக்கு எதிராக நடந்தவனுக்குப் பின்னால் அப்படியொரு கண் இல்லை. பறவை பார்ப்பவர்களைக் குற்றம் சொல்லவில்லை. பார்வை எதைச் சட்டகத்துக்குள் கொண்டுவருகிறதோ அதற்குத்தான் சாவும் சாவாகக் கணக்கில் ஏறுகிறது என்கிறேன்.

6

2018இல், இந்தியாவின் பூனைப்பருந்து அடைவிடங்களில் முப்பது ஆண்டுகளாக எடுத்த கணக்குகளை முதன்முறையாகத் தொகுத்த ஒரு ஆய்வு வெளிவந்தது. எண்ணிக்கை சரிவதாக அது சொல்கிறது. என்ன செய்யலாம்?

வேலி போடுவதல்ல பதில் என்பது மேலே சொன்னவற்றிலிருந்து தெளிவு. பூனைப்பருந்து மனிதர் தொடாத வனத்தின் பறவை அல்ல. உழுது, அறுத்து, ஒரு வருஷம் போட்டுவைத்து, ஆடு மேய்ந்து, கிடை போட்டு, மறுபடி உழுகிற நிலத்தின் பறவை. மானாவாரி விவசாயம் செத்தால் அதுவும் சாகும். மேய்ச்சல் செத்தால் புல் போய்ச் சீமைக் கருவேலம் ஏறும், அப்போதும் சாகும். நிலமற்ற தலித்துக்குப் பட்டா கொடுத்து அவர் அதில் கம்பும் உளுந்தும் போட்டால் பறவைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அதே நிலத்தை மொத்தமாக வளைத்துக் கம்பி கட்டினால் இரண்டு பேருக்கும் நஷ்டம்.

இதை ஒரு இனிமையான இணக்கமாக நான் காட்ட விரும்பவில்லை. இரண்டு ஏக்கர் கிடைத்தவர் போர் போட்டுப் பருத்தி வைக்கலாம், மருந்து அடிக்கலாம். வயிற்றுப்பாட்டுக்காக அவர் செய்வதைப் பைனாகுலரோடு போய் நாம் கண்டிக்க முடியாது. நாம் செய்யக்கூடியது வேறு. சூழலியல் பேசுகிறவர்கள் பஞ்சமி நிலக் கோரிக்கையையும், மருந்து அடிப்பவரின் உயிரையும் தங்கள் பட்டியலில் சேர்க்க வேண்டும். நில உரிமை பேசுகிறவர்கள் 'தரிசு' என்ற சொல்லை அரசிடமிருந்து அப்படியே வாங்கிக்கொள்வதை நிறுத்த வேண்டும். "சும்மா கிடக்கிற நிலத்தைக் கொடு" என்று நாம் கோஷம் போடும்போது, அது சும்மா கிடக்கிறது என்பதை நாமே ஒத்துக்கொள்கிறோம். நாளை அதே வார்த்தையை வைத்துத்தான் கம்பெனிக்கும் கொடுப்பார்கள்.

அன்றைக்கு ராத்திரி கிளம்பும்போது எங்களுக்குள் கணக்கு ஒத்துவரவில்லை. ஒருவர் முப்பது என்றார், ஒருவர் முப்பத்திநாலு. ஆட்டுக்காரர் கேட்டார்:

"போன வருசம் எத்தன இருந்துச்சு?"

"தெரியல அண்ணாச்சி. போன வருசம் யாரும் எண்ணல."

பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் புல்லைப் பார்த்தபடி நின்றார். "இதே காட்டுலதான் கிடை போட்டுக் கிடந்தேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பம்லா."